கடிதத்தின் பிரதி யாரிடம் இருக்கிறது?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதி, கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச முகவரிகளில் இயங்கிய சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். அரை நாளுக்குள் தொகுதி மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லை என்று, அப்போது அதற்குப் பொறுப்பாயிருந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அறிவித்தது. காப்புத் தொகுதியும் இணையத்தோடு இணைந்தே இருந்தமையால் அதையும் நச்சுநிரல் பூட்டிவிட்டது. அஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கப் போட்ட திட்டம் பணமின்மையால் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

செய்தி இரண்டொரு வாரம் பத்திரிகைகளில் ஓடியது, பிறகு மறக்கப்பட்டது. எழுதியவர்கள் எல்லோரும் அரசின் கவனக்குறைவைப் பற்றியே எழுதினார்கள். அது நியாயமான கண்டனந்தான். ஆனால் இந்தச் சம்பவத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட அந்தக் காலத்தில் அரச அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிய சாதாரண மனிதரின் பக்கம் அது.

பேசாலையிலிருந்தோ அரிப்பிலிருந்தோ ஒருவர் 2023 ஜூன் மாதத்தில் தமது காணி குறித்துக் கொழும்பிலுள்ள ஓர் அமைச்சுக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றவரிடத்தில் அந்த மனு அழிந்திருக்கலாம். எஞ்சியிருப்பது அனுப்பியவருடைய 'அனுப்பியவை' கோப்புறையில் இருக்கும் பிரதி ஒன்றே. அந்தக் கோப்புறையோ அவர் வீட்டில் இல்லை. கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. இரு பக்கத்துப் பிரதிகளுமே பிறர் கையில் இருந்தன என்பதுதான் இதன் பொருள்.

திகதியும் பிரதியும் எவ்வளவு முக்கியம் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். அந்த மேன்முறையீட்டுக்கும் காலக்கெடு உண்டு. எந்த நாளில் அனுப்பினேன், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று காட்ட இயலாதவர் தமது உரிமையைப் பாதி இழந்தவரே. மின்னணு ஆவணத்தைச் சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஆவணத்தை வைத்திருக்க வேண்டியவர் நாம்.

மன்னார் அறிந்த பாடம்

பிரதி இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை மன்னார் மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களின் மக்கள் கையில் எடுத்தவற்றோடு படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அதே ஆண்டில் தமிழ்க் குடும்பங்கள் பாக்கு நீரிணையைக் கடந்து மண்டபம் முகாமுக்குப் போயின. 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் இராணுவ நடவடிக்கையின்போது ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். காணியில் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்குவதற்கு 2017 ஏப்ரல் வரை பொறுத்திருக்க நேர்ந்தது. அதற்கும் ஒரு மாத காலத்துக்கு மேலான போராட்டம் தேவைப்பட்டது. இந்த இடப்பெயர்வுகள் ஒவ்வொன்றிலும் மக்கள் தூக்கிச் சென்ற றங்குப் பெட்டியில் முதலிடம் பெற்றவை காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழுமே. பெட்டி தொலைந்தவர்கள் பட்ட பாடு பெரிது.

அந்த நிலையிலும் சிலர் தப்பினார்கள். காணி உறுதி எழுதும் முறையே அவர்களைக் காப்பாற்றியது. நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது அது ஒரு தாளோடு முடிவதில்லை. மூலம் உரிமையாளருக்கு. இரண்டாவது பிரதி காணிப் பதிவகத்துக்கு. மற்றொன்று நொத்தாரிசின் சொந்த ஏட்டில். மூன்றும் மூன்று கூரைகளின் கீழ் இருக்கும். ஒரு கூரை எரிந்தாலும் மற்ற இரண்டிலிருந்து மீட்கலாம் என்பது அந்த ஏற்பாட்டின் பயன். இன்று கணினித் துறையினர் 'மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில்' என்று விதி வகுத்துச் சொல்கிறார்கள். நம் ஊர் நொத்தாரிசு காகிதத்திலும் மையிலும் செய்துவந்த காரியத்துக்கு அது மிக நெருங்கியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சில் வந்து வேறிடங்களிலும் இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகள் போனவை போனவையே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டத்தின் பின்னால் இந்த இழப்பின் நினைவு இருக்கிறது.

இன்றைய றங்குப் பெட்டி

இப்போது அந்தப் பெட்டியின் இடத்தை மின்னஞ்சல் பிடித்துக்கொண்டது. உறுதியை ஒளிவருடி ஒரு பிரதியை மகனுக்கு ரொறன்ரோவுக்கு அனுப்புகிறோம். கிராம அலுவலரின் கடிதம், ஆசுப்பத்திரி அறிக்கை, அகதி விண்ணப்பத்தின் பிரதி, புத்தளத்திலும் இலண்டனிலும் இருக்கும் உடன்பிறப்புகளின் மடல் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. 'அனுப்பிவிட்டேன், ஜிமெயிலில் இருக்கிறது' என்பதோடு நமது கவலை தீர்ந்துவிடுகிறது.

அது நமது பெட்டியன்று, இரவல் பெட்டி. இரவல் கொடுத்தவர் வைத்த நிபந்தனைகள் பல. 2011 பெப்ரவரி 27இல் மென்பொருள் புதுப்பிப்பில் ஏற்பட்ட பிழையால் ஜிமெயில் பயனர்களுள் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் வெறுமையாயின. இணையத்தோடு இணையாத காந்த நாடாக்களில் கூகுள் ஒரு பிரதி வைத்திருந்ததால்தான் அவை திரும்பின. உலகின் பெரிய நிறுவனமே நாடாவை நம்பியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் நடைமுறைப்படுத்தியது. தகப்பனார் காலமான பின் அவருடைய கணக்கை எவரும் திறக்காவிட்டால், அதிலுள்ள கடிதங்களும் காலாவதியாகும்.

யாகூ குழுமங்களின் கதை இணையத் தமிழர்களுக்கு நினைவிருக்கும். அகத்தியர், மரபிலக்கியம், ராயர் காப்பி கிளப் என்று எத்தனை குழுமங்களில் எவ்வளவு எழுதினோம்! 2020 டிசம்பர் 15இல் யாகூ அந்தச் சேவையை முற்றாக மூடியது. அதற்கு முன்னரே பழைய பதிவுகளை வலைத்தளத்திலிருந்து அகற்றிவிட்டது. அந்த உரையாடல்களில் எஞ்சியவை, குழும மடல்களைத் தமது கணினியில் இறக்கி வைத்திருந்த உறுப்பினர்களிடமிருந்து கிடைத்தவை. ஒரு நிறுவனம் தீய நோக்கத்தோடு இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. வணிகம் இலாபம் தராதபோது கடையை மூடுவது அதன் இயல்பு. கடையில் நம் பொருளை விட்டு வைத்தது நாம்.

செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை, மடல்களை நமது கணினிக்குக் கொண்டுவருவது. இதற்குத் தண்டர்பேர்ட் என்னும் இலவச மென்பொருள் போதும். 2004 டிசம்பரில் முதற்பதிப்பு வெளிவந்தது, இன்றும் பராமரிக்கப்படுகிறது. அதில் உங்கள் முகவரியைக் கொடுத்து, கூகுளின் நுழைவுச் சாளரத்தில் கடவுச்சொல்லை இட்டால் மடல்கள் இறங்கத் தொடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐமேப் என்னும் முறையில் இணைத்தால், உங்கள் கணினியில் தெரிவது வழங்கியின் நிழல் மட்டுமே. வழங்கியில் மடல் அழிந்தால் நிழலும் அழியும். ஆகவே முக்கியமான மடல்களை, தண்டர்பேர்டில் கணினிக்கே உரியதாக இருக்கும் உள்ளகக் கோப்புறைகளுக்குப் படியெடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்துக்கொண்டால் பின்னர் தேடுவது எளிது.

இரண்டாவது வழி, கூகுளின் டேக்அவுட் சேவை. 2013 டிசம்பர் முதல் ஜிமெயிலை அதன் வழியாக மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். அஞ்சலை மட்டும் தெரிவு செய்யுங்கள். தீவில் கைப்பேசி இணைப்பை நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே முறையில் கேட்டால் இறங்கி முடியாது. இறக்கும் இணைப்பு சில நாட்களே செல்லுபடியாகும். வருகிற கோப்பு எம்பாக்ஸ் என்னும் வடிவத்தில் இருக்கும். இது மிகப் பழைய, எளிய உரை வடிவம். எந்த அஞ்சல் மென்பொருளும் இல்லாத நிலையிலும் ஒரு சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால் யார், யாருக்கு, எந்நாளில் எழுதினார் என்பதாவது தெரியும்.

இறக்கிய கோப்பை ஒரு புற வன்தட்டில் ஏற்றி, தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். கழற்றாத தட்டு காப்பு ஆகாது என்பதற்கு 2023 ஆகஸ்டே சாட்சி. மன்னார்த் தீவின் உப்புக் காற்று மின்சாதனங்களுக்குப் பகை. ஈரம் புகாத, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். இரண்டாவது தட்டு வேறூரில் இருக்கட்டும். தீவில் இருப்பவருக்கு முருங்கனிலோ வவுனியாவிலோ ஓர் உறவினர் இருப்பார். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த வெள்ளம் மன்னார் மாவட்டத்தில் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோம். ஒரே அலுமாரியில் மூன்று பிரதிகள் வைப்பதும் ஒரு பிரதி வைப்பதும் ஒன்றே.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தட்டிலிருந்து ஏதேனும் ஒரு பழைய மடலைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத காப்புப் பிரதியை நம்பிப் பயனில்லை.

கைப்பேசி மட்டும் உள்ளவர்கள் முக்கிய மடல்களை வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கும், நம்பகமான ஓர் உறவினருக்கும் அனுப்பி வைக்கலாம். முழுமையான தீர்வன்று, ஆயினும் ஒன்றுமில்லாததற்கு மேல். அரச அலுவலகத்தோடான விடயங்களை வாட்ஸ்அப்பில் முடிக்காமல் மின்னஞ்சலில் எழுதுவதும் நல்லது. பேசியோடு பேசிய பேச்சும் தொலைந்துபோகும்.

மென்பொருளைத் தெரிவது எப்படி?

எந்த மென்பொருள் சிறந்தது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அழகையும் வசதியையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மென்பொருள் நாளை நின்றுபோனால் என் பொருளை இதிலிருந்து எடுக்க முடியுமா?

யூடோரா என்னும் அஞ்சல் மென்பொருளை 1990களில் இணையத்துக்கு வந்தவர்கள் அறிவார்கள். 2006இல் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. ஆனால் அது மடல்களை எம்பாக்ஸை ஒத்த வடிவில் வைத்திருந்தமையால், பயனர்கள் வேறு மென்பொருளுக்குச் சிரமமின்றி மாறினார்கள். அதே காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தனக்கே உரிய மூடிய வடிவத்தில் மடல்களை வைத்தது. அதிலிருந்து மீட்கத் தனி மாற்றிகள் தேவைப்பட்டன. இரண்டு மென்பொருள்களும் இன்று இல்லை. மடல் பிழைத்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது அவை வைத்திருந்த வடிவம்.

இலங்கைத் தமிழருக்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் உண்டு, பாமினி எழுத்துரு. எத்தனை அலுவலகங்களின், பாடசாலைகளின், ஆலயங்களின் ஆவணங்கள் பாமினியில் தட்டச்சிடப்பட்டிருக்கின்றன! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தேடினால் அகப்படாது. பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்த இயலாது. இவற்றை மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி வைப்பதும் காப்புப் பிரதி எடுக்கும் வேலையின் பகுதியே. புதிதாக எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுங்கள். விண்டோசிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது; என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவையும் பலருக்குப் பழகியவை.

கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபிஸ் போதுமானது. அதன் ஆவண வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தரமாக இருப்பது. முடிந்த ஆவணத்தைப் பிடிஎஃப் ஆகவும் ஒரு படி வைக்கலாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நின்றுவிட்டது. புதிய பதிப்பை ஏற்க முடியாத பழைய கணினியை எறிய வேண்டியதில்லை. அதில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவினால் இதே தண்டர்பேர்டும் லிப்ரே ஆபிஸும் அங்கேயும் ஓடும், உங்கள் கோப்புகளும் அப்படியே திறக்கும். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதிகளைத் தவிர்ப்பதற்கு அறம் மட்டும் காரணமன்று, நச்சுநிரல் அந்த வழியாகவும் வருகிறது.

ஒரு நியாயமான அச்சம்

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு என்பதை நான் அறிவேன். நம் நாட்டில் காகிதம் வைத்திருந்ததே ஆபத்தாக இருந்த காலம் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடியில் ஒரு கடிதம், ஒரு புகைப்படம் அகப்பட்டால் என்ன ஆகும் என்று அஞ்சி வாழ்ந்தவர்கள், 'எல்லாம் அங்கேயே இருக்கட்டும், வீட்டில் எதுவும் வேண்டாம்' என்று சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களும் காணிப் போராட்டக்காரர்களும் பத்திரிகையாளர்களும் இன்றும் இந்தக் கவலையோடு இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து பிரதி எடுக்காமல் இருப்பதன்று. வெராகிரிப்ட் என்னும் இலவச மென்பொருளால் தட்டு முழுவதையும் கடவுச்சொல்லிட்டுப் பூட்டலாம். அந்தச் சொல் இல்லாமல் எவரும் திறக்க முடியாது. மறந்தால் நீங்களும் திறக்க முடியாது. ஆகவே கடவுச்சொல்லைத் தட்டோடு வைக்காமல் வேறொரு நம்பகமானவரிடம் மூடிய உறையில் கொடுத்து வையுங்கள். வீட்டில் வைக்க முடியாதவர்கள் பூட்டிய தட்டை வெளியூர் உறவினரிடம் வைக்கலாம்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

தனிமனிதரைவிட நான் அதிகம் கவலைப்படுவது நமது பொது அமைப்புகளைப் பற்றி. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பங்கு சபை, பள்ளிவாசல் நிருவாகம், ஆலய பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம் என்று மன்னார்க் கரையோரத்தில் அமைப்புகளுக்குக் குறைவில்லை. இவற்றின் கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில், சில வேளைகளில் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கில் நடக்கிறது. கடவுச்சொல்லும் கடைக்காரரின் கொப்பியில் இருக்கும். செயலாளர் மாறினால், வெளிநாடு போனால், காலமானால், சங்கத்தின் பத்தாண்டு நினைவும் அவரோடு போய்விடும்.

இந்தச் சங்கங்கள் இன்று எழுதுவது சாதாரணக் கடிதங்கள் அல்ல. இந்திய இழுவைப் படகுகளால் அறுபட்ட வலைகளின் கணக்கு, தீவின் காற்றாலைகள் குறித்த ஆட்சேபம், கனிம மணல் அகழ்வுக்கு எதிரான மனு ஆகிய இவை ஒவ்வொன்றிலும் எந்நாளில் யாருக்கு எழுதினோம், என்ன உறுதிமொழி தந்தார்கள் என்பதே வழக்கின் உயிர். 2025 ஆகஸ்டில் மன்னாரில் மக்கள் வீதியில் இறங்கியதை உலகம் பார்த்தது. வீதியில் நின்ற நாட்களைப் படங்கள் காப்பாற்றும். அதற்கு முன் பல ஆண்டுகள் எழுதிய கடிதங்களைச் சங்கம்தான் காப்பாற்ற வேண்டும். அரசுத் தரப்பில் அவை இருக்குமென்று நம்பியிருக்க இயலாது என்பதை 2023 காட்டிவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. சங்கத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கு இருக்கட்டும். அதன் கடவுச்சொல் இரண்டு பதவியினரிடம் இருக்கட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காசேட்டையும் கூட்டக் குறிப்பேட்டையும் கையளிப்பதுபோல, அந்த ஆண்டின் மடல்கள் அடங்கிய தட்டையும் பழைய செயலாளர் புதியவரிடம் சபை முன்னிலையில் கையளிக்கட்டும். கையளித்ததாகக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதப்படட்டும். தட்டின் விலை ஒரு வலையின் விலையளவும் வராது. வேலையோ ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுது.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்கள் ஊர்ச் சங்கங்களுக்கு உதவி செய்ய விரும்புகிறீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு வன்தட்டுகளை வாங்கிப்போய், ஒரு பிற்பகல் செயலாளரோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் பெற்றோரின் மின்னஞ்சல் கணக்கையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கூகுள் கணக்கு நீண்ட நாள் பயன்படாதிருந்தால் அதிலுள்ளவற்றை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. அதில் உங்கள் பெயரை எழுத அவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.